கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில். பாட்டியைப் பார்க்க வரலாமா?

கேள்வி: மாணவர் விசாவில் அமெரிக்கா சென்ற என் மகள், அந்நாட்டுக் குடிமகனை மணந்து, அங்கிருந்தபடியே ஐ-485 படிவத்தில் கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். என் தாயார் படுத்த படுக்கையாக இருக்கிறார். அவள் வந்து பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: வரலாம், அம்மா; ஆனால் கிளம்புவதற்கு முன்பே ‘அட்வான்ஸ் பரோல்’ என்னும் முன்அனுமதி அவள் கையில் இருக்க வேண்டும். ஐ-131 படிவத்தில் கோரப்படும் அந்த அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியேறினால், பொதுவாக ஐ-485 விண்ணப்பத்தை அவளே கைவிட்டதாகக் கொள்ளப்படும். கடவுச்சீட்டில் மாணவர் விசா இன்னும் செல்லுபடியாகிறதே என்று நம்பி விமானம் ஏறிவிட வேண்டாம். எச்-1பி, எல்-1 ஆகிய வேலை விசாக்களில் அந்தத் தகுதி குலையாமல் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. மாணவர் விசாவுக்கு இல்லை.

வழக்கமான வழியில் அனுமதி வர மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், அவசரநிலை என்று கூறிக் குடியேற்றத் துறையின் உள்ளூர் அலுவலகத்தில் நேரில் கேட்க மகள் முயலட்டும். அதற்குத் துணையாக, பாட்டியின் நோயையும் தற்போதைய நிலையையும் விவரித்து மருத்துவர் கையொப்பமிட்ட கடிதத்தை இன்றே வாங்கி அனுப்புங்கள். தமிழில் இருந்தால் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர வேண்டும்.

அனுமதி கிடைத்தாலும், திரும்பும்போது உள்ளே விடுவது விமான நிலைய அதிகாரியின் முடிவே. முன்பு விசா விதி எதையேனும் மீறியிருந்தால், பயணச்சீட்டு எடுக்குமுன் அவள் அங்குள்ள குடியேற்ற வழக்கறிஞரைக் கட்டாயம் கலந்து பேச வேண்டும்.