அடைப்பத்தை மறைக்க வேண்டாம்

ஐயா, வணக்கம்.

தொண்டிக்கு அருகே எங்கள் ஊர். என் பூட்டனார் முடிதிருத்தும் தொழில் செய்தவர்; பஞ்சாயத்து உறுப்பினராகவும் இருந்தார். குடிநீர் ஊருணியில் மாடு இறங்காமல் காத்து, கரை கட்டவைத்தவர் அவர்தான் என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். அவரைப் பற்றிச் சிறு நூல் எழுத நினைக்கிறேன். உறவினர்களோ, "தொழிலை எழுதாதே, சமூக சேவகர் என்று போட்டால் போதும்" என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உறவினர்களின் தயக்கம் புரிகிறது. தொழிற்பெயரையே வசையாக வீசக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். ஆனாலும் தொழிலை எழுதுங்கள், முதல் அத்தியாயத்திலேயே. அதை எடுத்துவிட்டால், அவர் சொல்லை ஊர் ஏன் கேட்டது என்பதற்கு நூலில் விடை இருக்காது.

கத்தியும் கத்தரியும் வைக்கும் பையான அடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாவிதர் ஏறாத திண்ணை ஏது? அவர்கள் கட்டியைக் கீறி மருந்து வைத்தார்கள். கல்யாணத்திலும் சாவிலும் அவர்கள் இல்லாமல் சடங்கு நகராது. கரையோர முஸ்லிம் ஊர்களில் சுன்னத் செய்த ஒசா என்னும் முஸ்லிம் நாவிதருக்கும் வீட்டுக்கு வீடு நிலவரம் தெரியும். எந்த வீட்டில் காய்ச்சல், எந்தக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று முதலில் அறிகிறவர் ஊருணியைக் காக்கக் கிளம்பியதில் வியப்பில்லை. கிணறு உப்புக் கரிக்கும் இந்தக் கடற்கரையில், மணலில் ஊற்றுத் தோண்டி அகப்பையால் நீர் மொள்ளும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு நல்ல தண்ணீரின் அருமை தெரியும்.

அந்நாளில் நாவிதருக்குக் கூலி பெரும்பாலும் களத்து நெல். யாரிடம் அந்த நெல்லை வாங்கினாரோ, அவருடைய மாட்டையே கரையேற்றச் சொல்லியிருக்கிறார் உங்கள் பூட்டனார். தொழிலை மறைத்தால் அந்தத் துணிவும் சேர்ந்து மறைந்துபோகும்.

1886-இல் சிவகாசியில் பிறந்த நாடக நடிகர் விஸ்வநாத தாஸை எடுத்துக்கொள்ளுங்கள். மேடையில் தேசப் பாட்டுப் பாடியதற்காகத் திரும்பத் திரும்பச் சிறை சென்றவர். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் பாடிக்கொண்டிருக்கையிலேயே இறந்தார். நாவிதர் குலம் என்பதால் அவரோடு சேர்ந்து நடிக்க நடிகைகள் மறுத்ததும் உண்டு. அதைச் சொல்லாமல் அவர் வரலாற்றை எழுதினால் பாதி மனிதர்தான் மிஞ்சுவார்.

கசப்பான கேள்வி ஒன்றும் உண்டு. உங்கள் பூட்டனார் யாருக்கு முடி வெட்டவில்லை? தலித் மக்களுக்கு வெட்டக் கூடாது என்பது பல ஊர்களில் கட்டுப்பாடு. மீறினால் பிழைப்பு போய்விடும். சேவை மறுப்பதை 1955-ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம் குற்றமாக்கிய பிறகும் இது எளிதில் ஒழியவில்லை. அவர் பணிந்தாரா, மீறினாரா? எதுவானாலும் எழுதுங்கள். அவர் காத்த ஊருணியில் யார் யார் குடம் முக்க முடிந்தது என்பதையும் விசாரியுங்கள்.

பஞ்சாயத்தின் பழைய தீர்மானப் புத்தகங்கள் கிடைத்தால் நல்லது. ஆனால் முதலில் வீட்டு முதியவர்களிடம் உட்காருங்கள். உங்கள் கடிதத்தில் பூட்டியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நாவிதர் வீட்டுப் பெண்கள்தான் பல ஊர்களில் பேறுகாலம் பார்த்த மருத்துவச்சிகள். உங்கள் பூட்டியும் பிரசவம் பார்த்தவரா, யார் யார் அவர் கையில் பிறந்தார்கள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.