ஏழாம் தரத்துக்குப் படிப்பிக்க எந்தப் படிப்பு?

கேள்வி: அன்புள்ள அக்கா, சென்னையில் தாவரவியல் பட்டம் பெற்றேன். நான்கு வருடங்களாகத் தனியார் பாடசாலை ஒன்றில் 6, 7ஆம் தரங்களுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இந்த வகுப்புகளுக்கென்று தனியான பட்டப்பின் படிப்பு உண்டா? நேரடியாகக் கல்வி முதுமாணிக்கு விண்ணப்பிக்கலாமா?
– வாசகி, கொழும்பு 13

பதில்: அன்புத் தங்கைக்கு, முதலில் வார்ட் பிளேஸில் உள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். உங்களுடையது வெளிநாட்டுப் பட்டம். அது அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் பட்டம்தான் என்று உறுதிப்படுத்தும் கடிதம் கையில் இருக்க வேண்டும். படிப்புக்கு விண்ணப்பம் கோரும் விளம்பரம் வந்த பிறகு அந்தக் கடிதத்துக்காக அலைந்தால் முடிவுத் திகதி கடந்துவிடும். பெயரையும் ஒருமுறை சரிபாருங்கள். இந்தியச் சான்றிதழில் தந்தையின் பெயர் பெரும்பாலும் முதலெழுத்தாக மட்டுமே இருக்கும். நமது பிறப்புச் சான்றிதழிலோ முழுப் பெயர். வேறுபாடு இருந்தால் இப்போதே ஒரு சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். எத்தனையோ நல்ல பிள்ளைகள் இந்தச் சின்ன விடயத்தில் ஒரு வருடத்தை இழந்ததைப் பார்த்த வருத்தத்தில் சொல்கிறேன்.

6 முதல் 9 வரையான தரங்களை நாம் கனிஷ்ட இடைநிலை என்கிறோம். உங்களுக்கு வேண்டியது பட்டப்பின் கல்வி டிப்ளோமா. அதில் வகுப்பைவிடப் பாடத்துக்கே முதலிடம். விஞ்ஞானம் கற்பித்தல் முறையை நீங்கள் எடுக்கலாம். தாவரவியல் அதற்குப் பொருந்தும். ஆனால் 7ஆம் தர விஞ்ஞானத்தில் பௌதிகமும் இரசாயனமும் உண்டல்லவா? பட்டப்படிப்பில் இரசாயனவியலைத் துணைப்பாடமாகப் படித்திருந்தால், பெறுபேற்று விவரத்தில் அந்தப் பக்கத்தை மறக்காமல் இணையுங்கள்.

கல்வி முதுமாணிக்குப் பொதுவாகக் கல்விமாணிப் பட்டமோ இந்த டிப்ளோமாவோ கேட்பார்கள். ஆகவே அது அடுத்த படி.

கொழும்புப் பல்கலைக்கழகக் கல்விப் பீடத்திலும் இந்த டிப்ளோமா உண்டு. ஆனாலும் நாவலையிலுள்ள திறந்த பல்கலைக்கழகத்தையே உங்களுக்குச் சொல்வேன். தமிழ் மொழிமூலம் இருக்கிறது, வேலையை விடாமலும் படிக்கலாம். ஒன்றை மட்டும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள்: டிப்ளோமா முடித்ததும் அரசாங்க நியமனம் தானாக வந்துவிடாது. அதற்கு விண்ணப்பம் கோரும்போது தனியாக விண்ணப்பிக்க வேண்டும், வயதெல்லையும் உண்டு.

பயிற்சி எதற்கு, நான்கு வருட அனுபவம் போதாதா என்று யாராவது கேட்கக்கூடும். 5ஆம் தரம் வரை ஒரே வகுப்பாசிரியையின் நிழலில் இருந்த பிள்ளை, புலமைப்பரிசில் பரீட்சை முடிந்து 6ஆம் தரத்துக்கு வந்ததும் பாடத்துக்கொரு ஆசிரியரைச் சந்திக்கிறது. பலருக்குப் பாடசாலையே புதிது. அந்த வயதில் வாயடைத்துப்போகும் பிள்ளையைக் கண்டறிந்து பேசவைப்பது எப்படி என்பதை, பாடம் தெரிந்திருப்பது மட்டும் நமக்குக் கற்றுத்தராது. உளவியலும் வகுப்பறையில் நேரில் பார்த்துத் திருத்தும் கற்பித்தல் பயிற்சியும் அங்கேதான் கைகொடுக்கின்றன.

அந்தப் பயிற்சிக்குப் பாடசாலையின் ஒத்துழைப்பு தேவைப்படும். இந்தத் தவணை முடிவதற்குள் உங்கள் அதிபரிடம் பேசி, சேவைச் சான்றிதழையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.