வாசகர் கேள்வி-பதில்: அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் மகன் பழைய சாமான் சந்தையில் ஒரு பேஸ்பால் அட்டை, அதாவது ஆட்டக்காரர் படம் போட்ட சிறு அட்டை, வாங்கியிருக்கிறான். 1910 வாக்கில் சிகரெட் பாக்கெட்டில் வந்ததாம். அசலா, நகலா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா?
- வாசகி, திருச்சி

பதில்: உண்டு. முதலில் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். 1909 முதல் 1911 வரை வந்த இந்த வரிசையைச் சேகரிப்பவர்கள் டி206 என்பார்கள். பின்புறம் பீட்மாண்ட், ஸ்வீட் கேப்போரல், போலார் பேர் என்று ஏதாவது ஒரு புகையிலை விளம்பரம் இருக்கும்.

பிறகு அளவு. அகலம் சுமார் 36.5 மி.மீ., உயரம் சுமார் 66.7 மி.மீ. இம்மி முன்பின் இருக்கலாம். நன்றாகவே குறைந்தால், மழுங்கிய ஓரத்தைக் கூராகக் காட்ட யாரோ வெட்டியிருக்கலாம்; அசலானாலும் மதிப்பு சரிந்துவிடும்.

அடுத்து, நகைக்கடையில் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ். படத்தின் அடியில் உள்ள பெயரைப் பாருங்கள். அசலில் எழுத்து முழுதும் ஒரே பழுப்பு மை, இடைவெளியில்லாமல் பதிந்திருக்கும். நகலில் அந்த எழுத்தே பல நிறப் புள்ளிகளாக உடைந்து தெரியும். அட்டை முழுவதையும் படமெடுத்து மறுபடி அச்சடிப்பதால் வரும் கோளாறு அது.

கடைசியாக, இருட்டறையில் கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கு. அட்டையின் வெள்ளைப் பகுதி நீலமாகப் பளீரென்றால் காகிதம் பிற்காலத்தது. பளிச்சிடாவிட்டால் அசல் என்று அர்த்தமில்லை. பழைய காகிதத்தில் அச்சடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

அட்டையில் ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரர் இருந்தால் நகல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அசல் சுமார் 60தான் தெரியவந்திருக்கின்றன. ஒன்று 2022இல் 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது.

எதுவானாலும் ரப்பரால் அழிக்க வேண்டாம், லேமினேட் செய்யவே வேண்டாம்.

கேள்வி: சிகரெட்டுக்கும் பேஸ்பாலுக்கும் என்ன சம்பந்தம்?
- வாசகர், ஈரோடு

பதில்: அன்றைய பாக்கெட் மெல்லிய காகிதம். உள்ளே சிகரெட் நசுங்காமல் இருக்க ஓர் அட்டை தேவைப்பட்டது. அதில் படத்தைப் போட்டு, வரிசையை முடிக்க மறுபடி மறுபடி வாங்க வைத்தார்கள். விற்பனைத் தந்திரம் என்பதற்கு 1890ஐப் பாருங்கள்: ஐந்து பெரிய கம்பெனிகள் அமெரிக்கன் டொபாக்கோ என்று ஒன்றாயின. போட்டி போனது, பேஸ்பால் அட்டைகளும் பல வருடம் அநேகமாக நின்றுபோயின.

அதற்குமுன் நியூயார்க் குட்வின் கம்பெனி ஓல்ட் ஜட்ஜ் சிகரெட்டுக்காக வெளியிட்டவை எனக்கு மிகப் பிடித்தவை. நிஜப் புகைப்படத்தை அட்டையில் ஒட்டியவை. அன்றைய கேமராவால் பறக்கும் பந்தைப் பிடிக்க முடியாது. ஸ்டுடியோவில் பந்தை நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள். சில அட்டைகளில் அந்த நூல் இன்றும் தெரிகிறது.