குக்கர் வெடித்துக் காயம்பட்டால் சட்டப்படி என்ன கேட்கலாம்?

"புது குக்கர் வெடித்துக் கையில் தீக்காயம். கடைக்காரர் வேறு குக்கர் தருகிறேன் என்கிறார். அதோடு முடிந்ததா?" என்பது கேள்வி.

இல்லை. இந்தியாவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இதைப் 'பொருள் பொறுப்பு' என்கிறது. அதாவது, குறையுள்ள பொருளால் உடலுக்கோ உடைமைக்கோ கேடு வந்தால் அதற்கும் இழப்பீடு தர வேண்டும். தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, சரியான எச்சரிக்கை இல்லாதது, எதுவானாலும் தயாரிப்பாளர் பொறுப்பு. வால்வு எப்படிச் செய்யப்பட்டது என்று வாங்குபவரால் பார்க்க முடியாது, செய்தவரால் முடியும். ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் ஆஸ்பத்திரியில் படுத்தவருக்கு இட்லிக் காசை மட்டும் திருப்பித் தந்தால் போதுமா?

கடைக்காரர் கேட்டாலும் பழைய குக்கரைக் கொடுத்துவிடாதீர்கள். கிழிந்த காஸ்கெட், வால்வு, பில், மருத்துவச் சீட்டு எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். புகாரை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையம் குக்கரை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதுதான் உங்கள் பலமான சாட்சி. அப்புறம், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம், வக்கீல் கட்டாயமில்லை. முதலில் ஆலோசனை வேண்டுமென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள். தவறாகப் பயன்படுத்தியதாலோ மாற்றியமைத்ததாலோ வந்த விபத்து என்றால் வழக்கு நிற்காமல் போகலாம்.

வாரண்டி முடிந்தால் வழக்குப் போட முடியாது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது பழுதுபார்ப்பதற்கான கெடு, புகாருக்கான கெடு பாதிப்பு நேர்ந்ததிலிருந்து 2 ஆண்டுகள்.