ஆம்ப் இல்லாத மேடை: ஆலய ஒலி கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஆலயத்தில் மேடை மேல இருந்த கிடார் ஆம்பை ஆயர் எடுக்கச் சொல்லிட்டாருங்க. முன்வரிசையில் உட்கார்றவங்களுக்குக் காது அடைக்குதாம். இப்ப கிடாரை நேரா மிக்சர்ல சொருகினா மந்தமா, உயிரில்லாம கேட்குது. டிஸ்டார்ஷன் பெடலை அமுக்கினா ஒரே சீற்றம். மிக்சர் சரியில்லீங்களா?
*கிடார் வாசிப்பவர், பொள்ளாச்சி*

பதில்: மிக்சரில் குறை இல்லை. ஆம்ப் இரண்டு வேலைகளைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது. அதை எடுத்ததும் இரண்டும் நின்றுபோயின.

முதல் வேலை, பிக்கப்பின் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பகுதி) சிக்னலை அமுக்காமல் வாங்கிக்கொள்வது. உள்ளே பேட்டரி இல்லாத கிடாரின் பிக்கப்புக்கு எதிரே சுமார் 1 மெகா ஓம் மின்தடையுள்ள இன்புட் இருக்க வேண்டும். கிடார் ஆம்ப் அப்படித்தான் அமைந்திருக்கும். மிக்சரின் லைன் இன்புட்டோ 10 கிலோ ஓம் அளவில்தான் இருக்கும்; மைக் இன்புட் அதிலும் குறைவு. அதில் சொருகினால் சிக்னல் படுத்துவிடும், ட்ரெபிள் முதலில் போகும். கேபிளும் தன் பங்குக்குக் கெடுக்கும். கிடார் கேபிளில் மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் மின்தேக்கம் உண்டு. மேடையிலிருந்து பின்பக்க மிக்சர் வரை 20 மீட்டர் இழுத்தால் 2,000 பிகோஃபாரட்; மிச்சமிருந்த ட்ரெபிளும் அதிலேயே கரைந்துவிடும்.

இதற்கு டிஐ பாக்ஸ் வேண்டும்: கருவியின் சிக்னலை வாங்கி, மைக் கேபிளில் மிக்சருக்கு அனுப்பும் சிறு பெட்டி. கிடாரிலிருந்து டிஐ வரை 3 முதல் 5 மீட்டர் கேபிள் போதும். டிஐயிலிருந்து எக்ஸ்எல்ஆர் மைக் கேபிளில் 30 மீட்டர் ஓடினாலும் பாதகமில்லை. பேட்டரி இல்லாத கிடாருக்கும் பேஸுக்கும் மின்சாரத்தில் ஓடும் ஆக்டிவ் டிஐ வாங்குங்கள். மிக்சர் மைக் கேபிள் வழியாகவே அனுப்பும் 48 வோல்ட் ஃபேன்டம் அதற்கு மின்சாரம் தரும். கீபோர்டு, ரிதம் பேட், பேட்டரி உள்ள பேஸ், மல்டி எஃபெக்ட்ஸ் (பல பெடல்கள் ஒரே பெட்டியில்) ஆகியவற்றின் சிக்னல் ஏற்கெனவே வலுவானது, மின்சாரம் வேண்டாத பாஸிவ் டிஐயே போதும். பல ஆலயங்களில் இது தலைகீழாக இருக்கிறது: கீபோர்டுக்கு விலை கூடிய ஆக்டிவ், கிடாருக்கு மலிவான பாஸிவ்.

இரண்டாவது வேலை ஆம்புக்குள் இருக்கும் ஸ்பீக்கருடையது. 12 அங்குல கிடார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் வேகமாக இறங்கிவிடும். டிஸ்டார்ஷன் உண்டாக்கும் மேல்பகுதிச் சீற்றத்தை அதுதான் வடிகட்டிக்கொண்டிருந்தது. உங்கள் ஆலய ஸ்பீக்கரில் ட்வீட்டர் இருக்கிறது. அது எதையும் விடாமல் அப்படியே ஒலிக்கும். ஆகவே டிஸ்டார்ஷனுக்குப் பின்னால், கிடார் ஸ்பீக்கரைப் போலவே வடிகட்டும் ‘கேபினட் சிமுலேஷன்’ கட்டாயம். மல்டி எஃபெக்ட்ஸில் அது இருக்கும். ஆனால் அவுட்புட் அமைப்பு ‘ஆம்ப்’ என்றிருந்தால் சிலவற்றில் அது தானாக அணைந்துவிடும். ‘லைன்’ அல்லது ‘மிக்சர்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஹை கட் (அதற்கு மேலே வெட்டுவது) 5,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ், லோ கட் (அதற்குக் கீழே வெட்டுவது) 80 ஹெர்ட்ஸ். கிடாரின் தடித்த கம்பியே 82 ஹெர்ட்ஸ்தான். அதற்குக் கீழே வருவதெல்லாம் உறுமல்.

தனிப் பெடல் மட்டும்தான் இருக்கிறது என்றால் மிக்சரில் ட்ரெபிளை முழுக்கக் குறைத்து, பெடலின் டிரைவைப் பாதியாக்கலாம். ஒட்டுப்போட்ட வேலைதான். 3,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள கரகரப்பு இதில் முழுதாகப் போகாது.

கடைசியாக கெயின், அதாவது மிக்சருக்குள் நுழையும் சிக்னலின் அளவு. ஃபேடரை (சேனலின் ஒலியை ஏற்றி இறக்கும் நழுவு பட்டன்) கீழே இறக்கி, பிஎஃப்எல் (ஃபேடருக்கு முன் உள்ள அளவைக் காட்டும் பொத்தான்) அழுத்தி, ஆராதனையில் வாசிக்கும் உச்ச வேகத்தில் வாசியுங்கள். டிஜிட்டல் மிக்சரில் சராசரி மைனஸ் 18 டெசிபல் பக்கம் நிற்கட்டும். மேசையருகில் மெதுவாகத் தடவிப் பார்த்து கெயின் வைத்தால் முதல் பாட்டிலேயே சிவப்பு விளக்கு எரியும்.

கேள்வி: டிஐ போட்டும் ‘ங்ங்ங்’னு இரைச்சல் நிக்கலீங்க. கரண்ட் போய் இன்வெர்ட்டர்ல ஓடறப்போ இன்னும் மோசம். சுத்தியும் தறிக்கூடம். பிளக்குல எர்த் பின்னை எடுத்துட்டா சரியாயிடும்ங்கறாங்க, செய்யலாமுங்களா?
*ஆலய ஒலிப் பொறுப்பாளர், சோமனூர்*

பதில்: எர்த் பின்னில் கை வைக்காதீர்கள். ஒரு கருவியில் மின்கசிவு வந்தால், கம்பியில் கையும் மைக்கில் உதடும் வைத்து நிற்பவரின் உடல் வழியாகத்தான் 230 வோல்ட் இறங்கும்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பாருங்கள். கிடாரின் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனதும் நின்றால், பிக்கப் வாங்கும் இரைச்சல் அது. ஒரே சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப் என்றால் வாசிப்பவர் கொஞ்சம் திரும்பி நின்றாலே கூடிக் குறையும். எல்இடி விளக்கின் டிரைவர், மின்விசிறி ரெகுலேட்டர், அடாப்டர் இவற்றைவிட்டுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். நிலையான தீர்வு, இரண்டு சுருள்களால் இரைச்சலை அடித்துவிடும் ஹம்பக்கர் பிக்கப்தான். வால்யூமைக் குறைத்தும் நிற்கவில்லை என்றால், பெடல் அடாப்டரைக் கழற்றிவிட்டு 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி அடாப்டர். அதற்கும் நிற்காவிட்டால் அது கிரவுண்ட் லூப், அதாவது எர்த் இரண்டு வழியாக இணைந்து உண்டாகும் வளையம்: டிஐயில் உள்ள ‘கிரவுண்ட் லிஃப்ட்’ சுவிட்சைத் தள்ளுங்கள். அது கேபிளின் கிரவுண்டை மட்டும்தான் துண்டிக்கும், பிளக்கின் எர்த்தை அல்ல. மேடைக் கருவிகள் ஒரு சுவிட்ச்போர்டிலும் மிக்சர் வேறொரு போர்டிலும் இருப்பதுதான் பெரும்பாலும் மூலகாரணம். மிக்சர் இருக்கும் போர்டிலிருந்தே மேடைக்கு ஒரு நல்ல எக்ஸ்டென்ஷன் இழுங்கள்.

இன்வெர்ட்டரில் கூடுகிறது என்றால் பெரும்பாலும் அது ஸ்கொயர் வேவ் வகையாக இருக்கும். ஒலிக் கருவிகளுக்கு சைன் வேவ் வேண்டும். தறி மோட்டார்கள் கிளம்பும்போது வோல்டேஜ் சரிந்து, டிஜிட்டல் மிக்சர் பாட்டின் நடுவே அணைந்து மறுபடி எழுவதும் உண்டு. மிக்சருக்கு மட்டுமாவது ஒரு யுபிஎஸ் வையுங்கள்.

கேள்வி: ஆம்பும் இல்லை, மானிட்டர் ஸ்பீக்கரும் இல்லை என்றால் வாசிப்பது எங்களுக்கே எப்படிக் கேட்கும்?
*பாடகர் குழு, ஈரோடு*

பதில்: இயர்போனில் கேட்க வேண்டும். வாசிப்பவர் ஒரே இடத்தில் நிற்பதால் வயர்லெஸ்ஸுக்குச் செலவு செய்யத் தேவையில்லை. மிக்சரின் ஆக்ஸ் அவுட்டிலிருந்து (மெயினைச் சேராத தனி மிக்ஸ் வெளிவரும் துளை) ஆளுக்கொரு சிறு ஹெட்போன் ஆம்ப், அதிலிருந்து இயர்போன். ஆக்ஸ் அவுட்டில் நேராக இயர்போனைச் சொருகாதீர்கள். அது லைன் அவுட்புட், இயர்போனை ஓட்டச் செய்ததல்ல.

ஆக்ஸ் ‘ப்ரீ ஃபேடர்’ ஆக, அதாவது ஃபேடருக்கு முன்பே சிக்னலை எடுப்பதாக இருக்க வேண்டும். ‘போஸ்ட்’ என்றிருந்தால் சபைக்காகப் பின்னால் இருப்பவர் ஃபேடரைத் தொடும்போதெல்லாம் உங்கள் காதிலும் ஏறி இறங்கும். வாத்தியங்களை மட்டும் கொடுத்தால் சபை பாடுவதே காதில் விழாது, தாளம் பிரிந்துபோகும். மேடை ஓரத்தில் சபையை நோக்கி ஒரு மைக் வைத்து அதை ஆக்ஸுக்கு மட்டும் அனுப்புங்கள், சபைக்குப் போகும் மெயினுக்கு வேண்டாம். ஒரு காதைக் கழற்றிவிட்டு வாசிப்பவர்கள் மறு காதில் வால்யூமை ஏற்றிக்கொண்டே போவார்கள். அந்தப் பழக்கம் செவிக்கு ஆகாது. ஆக்ஸில் லிமிட்டர் (ஒலி ஒரு அளவைத் தாண்டாமல் தடுப்பது) இருந்தால் போட்டுவிடுங்கள்.

செல்போன் ஆப் மூலம் அவரவர் மிக்ஸை மாற்றிக்கொள்ளும் டிஜிட்டல் மிக்சரானால், அதற்குள்ளிருக்கும் வைஃபையை நம்பாதீர்கள். சபையில் இருநூறு செல்போன் சேர்ந்ததும் 2.4 கிகாஹெர்ட்ஸ் நெரிசலில் இணைப்பு அறும். தனியாக 5 கிகாஹெர்ட்ஸ் ரூட்டர் வையுங்கள்.

கேள்வி: பழைய கல் கட்டடம், சுவரில் ‘காலம்’ ஸ்பீக்கர்கள் (தூண்போல நீண்ட பெட்டியில் சிறு டிரைவர்களை அடுக்கியவை) மட்டும்தான். பேஸ் கிடாரையும் அதிலேயே விடலாமா?
*வாசகர், கோபிசெட்டிபாளையம்*

பதில்: அப்படியே விடக் கூடாது. நான்கு கம்பி பேஸின் தாழ்ந்த சுருதி 41 ஹெர்ட்ஸ். 4 அங்குல டிரைவர் கொண்ட காலம் ஸ்பீக்கர் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே தடுமாறும். 100 வோல்ட் லைனில் (நீண்ட வயரில் பல ஸ்பீக்கர்களை ஓட்டும் முறை) ஓடுபவையானால் உள்ளிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் தாழ்ந்த அதிர்வெண்ணில் திகட்டி, பிரசங்கக் குரலையும் சேர்த்துக் கரகரக்க வைக்கும். பேஸ் சேனலில் 100 ஹெர்ட்ஸில் ஹை பாஸ் (அதற்குக் கீழே வெட்டும் வடிகட்டி) போட்டு, 700 முதல் 1,000 ஹெர்ட்ஸ் வரை 3 டெசிபல் ஏற்றினால் சுருதியாவது புரியும். கனம் வேண்டுமென்றால் பவர்டு சப் (ஆம்ப் உள்ளேயே இருக்கும் தாழ்ஒலி ஸ்பீக்கர்) ஒன்று, 100 ஹெர்ட்ஸ் கிராஸ்ஓவரில் (அதற்குக் கீழே சப்புக்கு, மேலே காலம் ஸ்பீக்கருக்கு); அப்போது சேனலில் அந்த ஹை பாஸ் வேண்டாம். மூலையில் வைத்தால் சத்தம் கூடும். கல் கட்டடத்தில் முழக்கமும் கூடும், ஆகவே சுவரோரமாக, மூலை தவிர்த்து வையுங்கள்.

சப் வாங்க வசதியில்லை என்றால், மேடையில் ஸ்பீக்கரே ஆகாது என்று பிடிவாதம் வேண்டாம். சிறிய பேஸ் ஆம்ப் ஒன்றைத் தாழ்ந்த வால்யூமில் வைத்துக்கொள்வது இந்த நிலையில் நல்லதுதான்.

கேள்வி: கீபோர்டுக்கு இரண்டு டிஐ வேண்டுமா, ஒன்று போதுமா?
*கீபோர்டு வாசிப்பவர், தாராபுரம்*

பதில்: ஆலய ஒலி மோனோ என்றால் ஒன்று போதும். ‘எல்/மோனோ’ என்று எழுதிய துளையில் மட்டும் சொருகுங்கள். வலப்பக்கத் துளை காலியாக இருக்கட்டும். அதிலும் ஒன்றைச் சொருகி விட்டுவிட்டால் இடப்பக்கத்தில் பாதி ஒலிதான் வரும். பியானோ, ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் இளைத்துப்போகும். சொருகும்போதும் கழற்றும்போதும் அந்தச் சேனலை மியூட் செய்யச் சொல்லுங்கள்.