வயிற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு கிட்னியில் கல்: பாலையும் தயிரையும் நிறுத்தலாமா?

கேள்வி: வணக்கம் டொக்டர். நாங்கள் உப்புவெளிப் பக்கம். என் அக்காவுக்கு 43 வயது. உடம்பு குறைய வேண்டும் என்று ஒன்றரை வருடத்துக்கு முன் கொழும்பில் பைபாஸ் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். 118 கிலோ இருந்தவர் இப்போது 76. சீனி வருத்தக் குளிசையும் நின்றுவிட்டது, எல்லோருக்கும் சந்தோசம். ஆனால் போன மாதம் விலாவில் தாங்க முடியாத நோவு, ஸ்கேனில் வலது கிட்னியில் கல். கிரியேட்டினின் 0.8 இருந்தது இப்போது 1.5. கல் கால்சியத்தால்தான் வரும் என்று யாரோ சொன்னதால் பால், தயிர், கால்சியக் குளிசை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். காலையில் பசளிக்கீரையும் பீட்ரூட்டும் அடித்த ஜூஸ், சில நாளில் வீட்டு மரத்துப் பிலிம்பிக்காய்ச் சாறு. நோவுக்கு டிக்ளோபெனாக். சத்திரசிகிச்சைதான் கிட்னியைப் பழுதாக்கியதா?
(பெயர் வேண்டாம், திருகோணமலை)

பதில்: தம்பி, மற்றதெல்லாம் பிறகு. அந்த ஜூஸையும் சாற்றையும் டிக்ளோபெனாக்கையும் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டொரு நாளுக்குள் கிரியேட்டினினைத் திரும்பப் பார்த்து, சிறுநீரக வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். 0.8 என்பது 1.5 ஆனதைக் கொஞ்சம்தான் கூடியிருக்கிறது என்று விட முடியாது. கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, அதைக் கிட்னிதான் வெளியேற்ற வேண்டும், உடம்பு 40 கிலோ குறைந்தவருக்குத் தசையும் குறைந்திருக்கும், அதனால் அவருக்கு அந்த எண் இறங்கியிருக்க வேண்டும். ஏறியிருக்கிறது என்றால் கிட்னியின் வேலை அந்த எண் காட்டுவதை விடக் கூடுதலாகக் குறைந்திருக்கலாம்.

இனி கால்சியம். உங்கள் அக்காவைப் போல நிறையப் பேர் செய்யும் தவறு இது, கேட்கும்போதெல்லாம் எனக்குக் கவலையாக இருக்கிறது. இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு வரும் கல் பெரும்பாலும் கால்சியம் ஒக்சலேற் கல், பெயரில் கால்சியம் இருந்தாலும் குற்றவாளி ஒக்சலேற்தான். கீரை, பீட்ரூட், கச்சான், கஜு, தேயிலை எல்லாவற்றிலும் அது உண்டு. சாதாரணமாக, சாப்பாட்டில் இருக்கும் கால்சியம் குடலிலேயே அதைப் பிடித்துக்கொள்ளும், இரண்டும் சேர்ந்து மலத்தோடு போய்விடும். பைபாஸில் வயிற்றைச் சின்னதாக்கிக் குடல் வழியையும் மாற்றிவிடுவதால், அதைச் செய்தவருக்குக் கொழுப்பு முழுதாக உறிஞ்சப்படாமல் குடலில் மிஞ்சுகிறது. மிஞ்சிய கொழுப்பு கால்சியத்தைப் பிடித்துக்கொள்ள, ஒக்சலேற் தனியாக விடப்பட்டு, பெருங்குடல் வழியாக இரத்தத்துக்குப் போய், சிறுநீரில் வந்து இறங்குகிறது. சிறுநீர் குறைவாகவும் கெட்டியாகவும் இருந்தால் அங்கே கல்லாகிறது. சிலருக்குக் கல் என்ற அறிகுறியே இல்லாமல் கிட்னிக்குள்ளேயே பளிங்காகப் படிந்து, நோவே இல்லாமல் அதைக் கெடுத்துவிடும். இதற்குத்தான் எனக்கு அதிகம் பயம்.

அதாவது பாலையும் தயிரையும் நிறுத்தியபோது காவலுக்கு நின்றவரை அனுப்பிவிட்டு, ஜூஸ் என்று கதவையும் திறந்துவிட்டார்கள். திரும்பத் தொடங்கட்டும். வைத்தியர் வேறு மாதிரிச் சொல்லாவிட்டால் கால்சியத்தைச் சாப்பாட்டோடு சேர்த்தே எடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் எடுத்தால் ஒக்சலேற்றைப் பிடிக்க முடியாது. பைபாஸ் செய்தவர்களுக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு சாப்பாட்டில் கிடைப்பதையும் சேர்த்து நாளொன்றுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம், ஒரு நேரத்துக்கு 500, 600க்கு மேல் போகாமல் பிரித்து. கால்சியம் சிட்ரேற் கிடைத்தால் நல்லது, அது வயிற்று அமிலம் குறைந்தவருக்கும் உறிஞ்சப்படும், அதிலிருக்கும் சிட்ரேற், கல் வருவதையும் தடுக்கும். இரும்புச்சத்துக் குளிசையோடு சேர்த்து விழுங்க வேண்டாம், இரண்டு மணித்தியாலம் இடைவெளி விடட்டும். கிண்ணியா எருமைத் தயிர் பிடிக்கும் என்றால் மேலே நிற்கும் ஆடையை எடுத்துவிட்டு, சோற்றோடு சின்ன அளவில் சாப்பிடலாம். பொரியலையும் கட்டித் தேங்காய்ப்பால் கறிகளையும் குறைப்பது கல்லுக்கும் நல்லது, மேலே சொன்ன கணக்கில் கொழுப்புக்கும் பங்கு இருக்கிறதே. கருவாட்டையும் உப்பையும் குறைக்க வேண்டும், உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியம் கூடும்.

பிலிம்பிக்காயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மீன் கறிக்குப் புளிப்பாக ஒன்றிரண்டு போடுவது வேறு, ஒரு கிளாஸ் சாறாகக் குடிப்பது வேறு. கொலஸ்ட்ரோல் குறையும், சீனி குறையும் என்று குடித்தவர்களுக்குத் திடீரெனச் சிறுநீரகம் செயலிழந்ததை 2013இல் கேரள வைத்தியர்கள் பதிவுசெய்தார்கள். 5 மருத்துவமனைகளில் 10 பேர், அதில் 7 பேருக்கு டயாலிசிஸ் செய்ய வேண்டி வந்தது. காமரங்காவும், அதுதான் நட்சத்திரப் பழம், இதே குடும்பம், அதனால் கிட்னி கெட்டவர்களை இலங்கை வைத்தியர்களும் பார்த்திருக்கிறார்கள். பைபாஸ் செய்தவருக்கு, அதுவும் கிரியேட்டினின் ஏறிக்கொண்டிருப்பவருக்கு, இவை இரண்டும் வேண்டவே வேண்டாம். கீரை ஆசை என்றால் அவித்துத் தண்ணீரை ஊற்றிவிட்டு, தயிரோடு கொஞ்சம். புடலங்காய், கோவா, வெள்ளரிக்காய்க்குப் பயமில்லை. பிளேன்ரீயை விடப் பால் தேநீர் மேல், அந்தப் பாலே ஒக்சலேற்றில் ஒரு பங்கைப் பிடித்துவிடும். விற்றமின் சீ 1000 மில்லிகிராம் குளிசையை யாராவது கொடுத்திருந்தால் அதையும் விடச் சொல்லுங்கள், உடம்புக்குள் போய் அது ஒக்சலேற்றாகவும் மாறும்.

தண்ணீர்தான் கஷ்டம். வயிறு சின்னதாகிவிட்டது, ஒரேயடியாகக் குடிக்க முடியாது, சாப்பாட்டோடு குடிக்கவும் கூடாது. போத்தலைக் கையிலேயே வைத்துக்கொண்டு நாள் முழுக்க மிடறு மிடறாகக் குடிக்க வேண்டும். குடித்த அளவை விட, நாளுக்கு இரண்டு, இரண்டரை லீற்றர் சிறுநீர் போகிறதா என்பதுதான் கணக்கு. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நம் ஊரில் வியர்வையிலேயே பாதி போய்விடும், அப்போது இன்னும் கூட்ட வேண்டும். உப்பும் சீனியும் இல்லாமல் தேசிக்காய்ச் சாறு கலந்து குடிக்கலாம். இளநீரில் பொட்டாசியம் நிறைய, அதனால் இரத்தப் பரிசோதனை பார்த்த பிறகு வைத்தியர் சரி என்றால் மட்டும்.

டிக்ளோபெனாக், இபுபுரூபன் வகை பைபாஸ் செய்தவருக்கு இரண்டு வழியில் கேடு, குடலைப் பொருத்திய இடத்தில் புண் வரும், கிட்னிக்குப் போகும் இரத்த ஓட்டமும் குறையும். நோவுக்கு பரசிற்றமோல் அளவோடு எடுக்கட்டும், போதாவிட்டால் வைத்தியரிடம் கேளுங்கள். காய்ச்சலும் குளிரும் விலா நோவோடு வந்தால், சிறுநீர் நின்றுவிட்டால், இரவாக இருந்தாலும் ஆஸ்பத்திரிதான், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கல் வெளியே வந்தால் எறியாமல் கொண்டுபோய்க் கொடுங்கள், என்ன வகை என்று பார்க்கலாம். 24 மணித்தியாலச் சிறுநீர் சேர்த்து ஒக்சலேற், சிட்ரேற் பார்ப்பதைப் பற்றியும் கேளுங்கள்.

சத்திரசிகிச்சையைக் குறை சொல்லலாமா என்றால், முழுதாகச் சொல்ல மாட்டேன். 1950களிலிருந்து 70கள் வரை செய்த பழைய குடல் பைபாஸ் முறை கைவிடப்பட்டதற்குக் கல்லும் கிட்னிப் பழுதும் முக்கியமான காரணங்கள், அது உண்மை. இன்றைய முறைகளில் ஆபத்து அதை விடக் குறைவு. சீனியும் பிரஷரும் உடம்பும் குறைந்தால் கிட்னியின் சுமையும் குறைகிறது, சிறுநீரில் புரதம் போவதும் பலருக்குக் குறைந்திருக்கிறது. அக்கா பட்ட பாடு வீணில்லை. ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது இதெல்லாம் சொல்லித்தான் அனுப்பியிருக்க வேண்டும், அதில் எனக்கு வருத்தம் உண்டு.

கேள்வி: ஸ்லீவ் சத்திரசிகிச்சை செய்து 5 மாதம். பிரஷருக்கு லொசாட்டன் எடுக்கிறேன். நோன்பு பிடிக்கலாமா? எனக்கும் கல் வருமா?
(வாசகர், மூதூர்)

பதில்: ஸ்லீவில் வயிற்றை வெட்டிச் சின்னதாக்குவது மட்டும்தான், குடல் வழி மாற்றப்படுவதில்லை, ஆகவே மேலே சொன்ன ஒக்சலேற் தொல்லை பைபாஸ் அளவுக்கு இல்லை. உங்களுக்குப் பயம் தண்ணீர் வற்றுவதுதான். முதல் வருடத்தில் நோன்பு வேண்டாம் என்றுதான் பொதுவாகச் சொல்வோம். நோன்பு திறந்ததிலிருந்து சஹர் வரைக்குமான நேரத்துக்குள் தேவையான தண்ணீரையும் புரதத்தையும் அந்தச் சின்ன வயிற்றில் சேர்த்துவிட முடியாது. விட்ட நோன்பை உடம்பு தேறிய பிறகு கழா செய்வதைப் பற்றி உங்கள் மௌலவியிடம் பேசுங்கள். லொசாட்டனை நீங்களாக நிறுத்த வேண்டாம், ஆனால் உடம்பு குறையக் குறைய பிரஷரும் இறங்கும், அளவைக் குறைக்க வேண்டி வரலாம், அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது கேளுங்கள். வாந்தி, வயிற்றோட்டம் வந்து எதுவும் குடிக்க முடியாத நாளில் அந்தக் குளிசையை எடுப்பதா விடுவதா என்று அன்றைக்கே வைத்தியரிடம் கேட்டுவிடுங்கள்.