ஸ்டீவ் பிகோ நினைவுச் சொற்பொழிவு ஏன் முக்கியம்?

"வருஷா வருஷம் ஒருத்தர் வந்து பேசிட்டுப் போவதால் நீதி கிடைத்துவிடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பேச்சால் மட்டும் கிடைக்காதுதான். ஆனால் இந்தச் சொற்பொழிவு விஷயத்தில் கொஞ்சம் பின்கதை இருக்கிறது.

பிகோ, தென்னாப்பிரிக்காவில் வெள்ளையரின் நிறவெறி ஆட்சியை எதிர்த்த கறுப்பர் விழிப்புணர்வு இயக்கத்தின் தலைவர். 1977 ஆகஸ்டில் கைதானார், காவலில் தலையில் பலத்த அடி. அந்த நிலையிலேயே அவரைக் கைவிலங்கோடு, உடம்பில் துணிகூட இல்லாமல், ஜீப்பின் பின்னால் கிடத்தி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பிரிட்டோரியாவுக்கு ஓட்டிப் போனார்கள். செப்டம்பர் 12-ல் இறந்தார், வயது 30. உண்ணாவிரதத்தால் செத்தார் என்று கூசாமல் சொன்னது அரசு.

நிறவெறி ஆட்சி முடிந்ததும், குற்றம் செய்தவர்கள் உண்மையைச் சொன்னால் மன்னிப்பு என்று ஆணையம் அமைத்தார்கள். பிகோ குடும்பம் அதை எதிர்த்து 1996-ல் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றது. ஆனாலும் அந்தப் போலீஸ்காரர்களுக்கு 1999-ல் ஆணையமே மன்னிப்பு மறுத்துவிட்டது. அப்புறமும் வழக்கு நடக்கவில்லை என்பது வேறு விஷயம்.

பிகோ குடும்பத்தார் தொடங்கிய அறக்கட்டளை 2000-லிருந்து நடத்தும் இந்தச் சொற்பொழிவுக்கு 2004-ல் மண்டேலா வந்தார், 2006-ல் டெஸ்மண்ட் டூட்டு. டூட்டுதான் அந்த ஆணையத்தின் தலைவர்! தாங்கள் எதிர்த்த ஏற்பாட்டை நடத்தியவரையே கூப்பிட்டு மேடை கொடுத்தார்கள் என்றால், சமாதானமா நீதியா என்ற சண்டையை மூடி மறைக்காமல் பேசத் தயாராக இருந்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

பிகோ மரண விசாரணை 2025 செப்டம்பரில் மறுபடி திறக்கப்பட்டது.